கிராம் சாயமேற்றல்: கேள்வி பதில்

கிராம் சாயமேற்றல் என்பது பாக்டீரியாவுக்குச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஊதாவாகத் தெரியும் கிராம்-நேர், இளஞ்சிவப்பாகத் தெரியும் கிராம்-எதிர் என இருவகையாகப் பிரிக்கும் முறை. பினாங்கில் மருத்துவ ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி (ஆறாம் படிவ மாணவி, பட்டர்வொர்த்): ஐயா, ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிராம்-நேர் பாக்டீரியா ஊதாவாகத் தெரிய வேண்டும் என்கிறார்கள். எனக்கு இளஞ்சிவப்பாகவே வருகிறது. தவறு எங்கே?

பதில்: பெரும்பாலும் நிறம் நீக்கும் ஆல்கஹாலில்தான், மகளே. கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம் என்று கடிகாரம் பார்த்துச் செய்துவிடலாம். ஆனால் ஆல்கஹாலுக்குக் கடிகாரம் உதவாது, கண்தான் வேண்டும். கண்ணாடித் தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வழியும் நீரில் ஊதா நிறம் மங்கி மறையும் அந்தக் கணத்திலேயே தண்ணீரால் கழுவிவிட வேண்டும். கிராம்-நேர் பாக்டீரியாவின் பெப்டிடோகிளைகன் என்ற பொருளாலான தடித்த செல்சுவர், ஆல்கஹாலால் நீரிழந்து இறுகி, வயலட்டும் அயோடினும் சேர்ந்த பெரிய கூட்டுப்பொருளை உள்ளேயே சிறைப்படுத்துகிறது. ஆனால் அளவு மீறினால் அச்சுவரும் அதை விட்டுவிடும். பின்னர் இடும் ‘சாஃப்ரனின்’ என்ற சாயம் இளஞ்சிவப்பை ஏற்றிவிடும். வளர்ப்பு (ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த பாக்டீரியா) ஒரு நாளுக்கு மேல் பழையதானாலும் இதே கதிதான், ஏனெனில் முதிர்ந்த செல்களின் சுவர் சிதையத் தொடங்கியிருக்கும். தகட்டில் தடவிய பாக்டீரியாப் பூச்சு கெட்டியாக இருந்தால் அதற்கு நேர்மாறு: நிறம் நீங்காமல் எல்லாமே ஊதாவாகிவிடும். பூச்சின் வழியே செய்தித்தாளின் எழுத்துகளைப் படிக்க முடிய வேண்டும் என்பது எங்கள் பழைய அளவுகோல். நம் ஊர் ஈரக்காற்றில் பூச்சு உலர நேரமாகும். அவசரப்பட்டு ஈரத்தோடு தீயில் காட்டினால் செல்கள் வெந்து உருமாறும்.

கேள்வி (ஆசிரியர், ஆயர் ஈத்தாம்): பாக்டீரியாவை இருவகையாகப் பிரிக்கத்தான் கிராம் இம்முறையைக் கண்டுபிடித்தாரா?

பதில்: இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பெர்லினில் மருத்துவர் ஃபிரீட்லெண்டருடன் பணியாற்றியபோது, நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவை மட்டும் தனித்துக் காட்டவே முயன்றார். சில பாக்டீரியா சாயத்தை இழந்ததை அவர் ஒரு குறையாகவே கருதினார். முறை இன்னும் செம்மையற்றது என்று 1884-இல் வெளியான கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் குறைதான் இன்று வகைப்பாட்டுக்கு அடிப்படை!

கேள்வி (செவிலியர், கோலாலம்பூர்): காசநோய்க்குக் கிராம் சாயம் போதாதா?

பதில்: போதாது. அக்கிருமியின் மெழுகுச் சுவரில் சாயம் எளிதில் ஏறாது. அதற்கான சீல்–நீல்சன் என்ற சாயமேற்றும் முறையில் கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஆவி எழும்வரை, கொதிக்கவிடாமல், சூடாக்கி ஏற்றுகிறோம். ஏறிய சிவப்பு அமிலம் கலந்த ஆல்கஹாலுக்கும் மசியாது.

கேள்வி (வாசகர், ஜார்ஜ் டவுன்): பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன்-தே பிளேக் கிருமியை எப்படி அடையாளம் கண்டார்?

பதில்: 1910 டிசம்பரில் பிளேக் பரவிய சீனாவின் ஹார்பின் நகருக்குச் சென்ற அவர், இறந்த ஒருவரின் உறுப்புகளிலிருந்து எடுத்த மாதிரிகளை நுண்ணோக்கியிலும் வளர்ப்பிலும் சோதித்து உறுதிசெய்தார். பிளேக் கிருமியின் இரு முனைகளும் அடர்ந்தும் நடுப்பகுதி வெளிறியும் தெரியும். மூடிய ஊக்கு போல என்போம். ஆனால் 1921-இல் கோலாலம்பூரில் ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும் மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்ட நோயின் கிருமியும் அதே ஊக்கு வடிவில்தான் தெரியும். ஆகவே அந்தத் தோற்றத்தை மட்டும் பார்த்து நாங்கள் முடிவு எழுதியதில்லை. வளர்ப்பு வரும்வரை காத்திருந்தோம்.