மழையில் வண்டி கப்ளர்கள்: கேள்வி பதில்

கேள்வி: வாட்டர் வாஷ் விட்டு எடுத்த அன்று மட்டும் கியர் போட்டால் பைக் அணைந்துவிடுகிறது. வெயிலில் நின்றால் சரியாகிவிடுகிறது. எதைப் பார்ப்பது சார்?

சைடு ஸ்டாண்ட் போட்டால் இன்ஜின் அணையும் வசதி உள்ள வண்டி என்றால், முதலில் அந்த சுவிட்சையும் அதன் கப்ளரையும் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) பாருங்கள். டயர் அடிக்கும் சேறு முழுக்க அங்கேதான் போகும். வயரைப் பிடித்து இழுக்காமல், லாக்கை அமுக்கிக் கழற்றுங்கள். உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா, உலோகப் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடி வந்த சூட்டோடு வாஷ் செய்வதுதான் பெரிய தப்பு. சூடான கப்ளர் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வயர் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டுக் கழுவச் சொல்லுங்கள். "கப்ளரில் ஐபி67 போட்டிருக்கே" என்பார்கள். அது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினால் தாங்கும் என்பதற்கான குறி. பிரஷர் கன்னுக்கு அது பொருந்தாது.

கேள்வி: கப்ளருக்குள் கிரீஸ் வைக்கலாமா அண்ணா?

டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வைக்கலாம். வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம், சில வகை ரப்பர் சீல் அதில் ஊதிப்போகும். முதலில் பேட்டரி நெகடிவைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்பைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சீல் வளையத்தைச் சுற்றி மெல்லிய பூச்சு, உலோகப் பின்கள் இருக்கும் பக்கம் ஒரு அரிசி அளவு. அவ்வளவுதான். அடைத்து வைத்தால் லாக் முழுசாக விழாது.

இந்த கிரீஸ் மின்சாரம் கடத்தாது. பின் இறுக்கமாக இருந்தால் உரசும் இடத்தில் அதுவே விலகிவிடும். பின் லூஸ் என்றால் கிரீஸால் பயனில்லை, டெர்மினலையே (வயர் முனையில் மாட்டியிருக்கும் உலோகத் துண்டு) மாற்ற வேண்டும்.

கேள்வி: மேலே இன்சுலேஷன் டேப் சுற்றி சிலிகான் பூசிவிட்டேன். போதுமா?

இரண்டையும் பிரித்துவிடுங்கள். டேப்புக்குள் தண்ணீர் புகாமல் இருக்காது, புகுந்தது காயவும் செய்யாது. சிலிகானில் வினிகர் வாடை வந்ததா? அந்த வகை இறுகும்போது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும். வயர் ஜாயின்ட்டுக்கு உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கும் குழாய்) போடுங்கள். சூடு காட்டும்போது இரண்டு ஓரத்திலும் பசை லேசாகப் பிதுங்க வேண்டும்.

கேள்வி: ஹெட்லைட் மங்கல். கப்ளரில் பச்சை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

தேய்த்தால் பின்மேல் உள்ள வெள்ளீயப் பூச்சு போய்விடும், அடுத்த மழையில் இன்னும் வேகமாக அரிக்கும். லேசான களிம்பு என்றால் கிளீனரும் நைலான் பிரஷும் போதும்.

பிறகு அளந்து பாருங்கள். லைட் எரியும்போது மல்டிமீட்டரை 2 வோல்ட் டிசியில் வைத்து, ஒரே வயரின் மேல் கப்ளருக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கூடினால் அந்த இடம் சூடாகிக்கொண்டிருக்கிறது. வயரைக் குத்தி அளக்காதீர்கள், அந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் இறங்கும். மெல்லிய ஊசியைக் கப்ளரின் பின்பக்கமாக நுழைத்து அளக்கலாம்.

டெர்மினலை மாற்றும்போது வயர் முனையைச் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் பளிச்சென்று தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் கிரிம்ப் செய்வது (டெர்மினலை நசுக்கிப் பொருத்துவது) வீண் வேலை.

கேள்வி: ஃபாக் லேம்ப் புதிதாகப் போடுகிறேன். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வயர் கப்ளருக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறி நுழையட்டும். வழியும் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். கப்ளரில் பயன்படாத ஓட்டை இருந்தால் ரப்பர் பிளக் போடுங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் நின்ற கார். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் நனைந்திருக்கிறது. கழற்றித் துடைக்கலாமா?

கூடாது. மஞ்சள் என்றால் ஏர்பேக், சீட் பெல்ட் டென்ஷனர் (மோதும்போது பெல்ட்டை இறுக்கும் கருவி) சர்க்யூட். மல்டிமீட்டர் முனையைக் கூட வைக்காதீர்கள், ஏர்பேக் வெடித்துவிடும் ஆபத்து உண்டு. இக்னிஷனைப் போடாமல் பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டு, சர்வீஸ் சென்டருக்கு டோ செய்யுங்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்சையும் எடுத்து உலர்த்தச் சொல்லுங்கள். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அது வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.