கிளை நூலக ஊழியர்களுக்கு ஆர்வம் வரவைப்பது எப்படி?

புதிதாகக் கிளை நூலகப் பொறுப்பை ஏற்றிருக்கிறேன், ஊழியர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதோடு சரி, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில்தான் இருக்கிறீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். ஊக்கப் பேச்சு, பாராட்டுச் சான்றிதழ் எல்லாம் பிறகு. அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

நான் ஒரு முழுநேரக் கிளை நூலகத்துக்கு மாறுதலில் போனபோது புதுப் புத்தகங்கள் எல்லாம் பீரோவில் பூட்டிக் கிடந்தன. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள் கேட்டால், "இன்னும் பதிவு முடியலை" என்று உதவியாளர் அம்மா திருப்பி அனுப்பிவிடுவார். அவர் சோம்பேறி என்றுதான் எனக்கு முன்பிருந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில், இருப்புச் சரிபார்ப்பில் குறைந்த புத்தகங்களுக்குத் தன் கைக்காசைக் கட்டியிருக்கிறார். "புக்கு வெளிய போனாத்தானே சார் தொலையும்?" என்றார். அவர் வாங்கும் சம்பளத்துக்கு அது நியாயமான பயம்.

பீரோவைத் திறக்கச் சொல்லி என் கையெழுத்தில் உத்தரவு எழுதினேன். புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான் என்று அதிலேயே குறிப்பிட்டேன். போட்டித் தேர்வுப் பகுதியை அவரிடம் ஒப்படைத்தேன். எதை முன்னால் அடுக்குவது, யாருக்குக் கூடுதலாகச் சில நாள் தருவது, எல்லாம் அவர் முடிவு. சில மாதங்களில், எந்தப் பிள்ளை எந்தத் தேர்வுக்குப் படிக்கிறது என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. நான் மாவட்ட மைய நூலகத்துக்குக் கிளம்பினாலே கேட்டு வாங்கி வரச் சொல்லி ஒரு பட்டியல் கொடுப்பார்.

அரசுச் சொத்தைத் தொலைக்கச் சொல்கிறாயா என்று யாராவது சண்டைக்கு வரலாம். அலட்சியம் வேறு, புழக்கத்தில் போவது வேறு. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளே, ஆயிரம் புத்தகம் புழங்கினால் ஐந்து குறைவதை இயல்பான இழப்பாக ஏற்கின்றன; நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால்தான் கட்டாய விசாரணை. அது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் மேலதிகாரியிடம் எடுத்துக்காட்டிப் பேச உதவும். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்படுத்துவதற்காக என்பதுதானே?

அப்புறம், கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் மக்கள் கட்டுகிறார்கள். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் நூலகங்களுக்கென்றே வகுத்துத் தந்த பணம் அது. எங்கள் பகுதி உள்ளாட்சி அதை வசூலித்துவிட்டு, நூலகத்துக்குத் தராமல் வருடக்கணக்கில் நிலுவை வைத்திருந்தது. கூரை ஒழுகுகிறது என்று எழுதினால் நிதி இல்லை என்று பதில் வரும். மழைக்காலத்தில் வாளி வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும் ஊழியரிடம் உற்சாகமாக இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. உங்கள் ஊர் நிலுவை எவ்வளவு என்று விசாரித்து வையுங்கள். வாசகர் வட்டத்தில் இருக்கும் பெரியவர்களை விட்டு வார்டு கவுன்சிலரிடம் கேட்கச் சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு பகுதியாவது வந்து சேர்ந்தது அப்படித்தான்.