ட்ரைசூட்: எந்தத் துணியில் வாங்குவது?

ஸ்காட்லாந்தின் ஸ்கேப்பா ஃப்ளோவுக்கு டைவ் போகத் தயாராகும் சிலர் உடம்பில் தண்ணீர் படாமல் காக்கும் டைவ் உடையான ட்ரைசூட் பற்றிக் கேட்டிருந்தார்கள். 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியக் கடற்படை தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்த இடம் அது. பெரிய போர்க்கப்பல்கள் 40 மீட்டரை ஒட்டிய ஆழத்தில் கிடக்கின்றன. கோடையிலும் தண்ணீர் குளிராகத்தான் இருக்கும். பதில்களை அந்த இடத்தை மனதில் வைத்தே சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, குளிருக்கு நியோப்ரீன்தானே நல்லது?

பதில்: ஆழம் குறைவு என்றால் சரி. நியோப்ரீன் ஒரு நுரை ரப்பர், அதற்குள் குட்டிக் குட்டிக் காற்றறைகள் இருக்கின்றன. 40 மீட்டரில் அழுத்தம் 5 பார். அறைகள் நசுங்கி, சூட் மெலிந்து, அதிகம் தேவைப்படாத மேல்மட்டத்தில் இருந்த கதகதப்பு, தேவைப்படும் ஆழத்தில் குறைந்துவிடும். மிதப்பும் கூடவே போய்விடும். அதைவிடப் பெரிய தொல்லை திரும்பும்போதுதான். மேலே வரும் வழியில், உடம்பில் கரைந்த வாயு வெளியேறுவதற்காக 6 மீட்டரில் காத்திருக்கும் டெகோ நிறுத்தத்தில் சிலிண்டர் காலியாகி லேசாகியிருக்கும், சூட்டின் மிதப்போ திரும்ப வந்திருக்கும். அங்கே நிலையாக நிற்பதற்காகக் கூடுதல் ஈய எடையை டைவ் முழுக்கச் சுமக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் ட்ரைலாமினேட்டா?

பதில்: என் தேர்வு அதுதான். இரண்டு துணிகளுக்கு நடுவே பியூட்டைல் ரப்பர், அவ்வளவே. அது தண்ணீரைத் தடுக்கும், கதகதப்புக்கு உள்ளே போடும் அண்டர்சூட்தான் பொறுப்பு. குளிருக்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்ளலாம், சூட்டும் ராத்திரிக்குள் காய்ந்துவிடும். ஆனால் துணி இழுபடாது. அதனால் வாங்கும்முன் கனமான அண்டர்சூட்டோடு போட்டு, குந்திப் பாருங்கள். கையைப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தைத் தொட முடிகிறதா என்றும் பாருங்கள். தோளில் இறுக்கிப் பிடித்தால் அந்த அளவு வேண்டாம்.

கேள்வி: துருப்பிடித்த இரும்பில் கிழியாதா?

பதில்: கிழியலாம். முழங்காலிலும் உட்காரும் இடத்திலும் கூடுதல் துணி வைத்ததாக வாங்குங்கள். கப்பலுக்குள் அடிக்கடி நுழைபவர் என்றால், முன்பே அழுத்தி எடுத்த நியோப்ரீனையும் யோசிக்கலாம். முரட்டு உழைப்பு தாங்கும், ஆழத்தில் அதிகம் மாறாது. கனமும், காய எடுக்கும் நேரமும்தான் குறை.

கேள்வி: ஆழத்தில் சூட் உடம்பை நசுக்காமல் இருக்க உள்ளே வாயு விடுகிறோமே, சுவாசிக்கும் டிரைமிக்ஸையே (ஹீலியம் கலந்த வாயு) நிரப்பலாமா?

பதில்: கூடாது. ஹீலியம் காற்றைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு வெப்பத்தைக் கடத்தும், உடம்பின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். தனிச் சிறு பாட்டிலில் காற்றோ ஆர்கான் வாயுவோ வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கான் பாட்டிலில் பெரிய எழுத்தில் பெயர் எழுதுங்கள், வாயில் வைக்கும் ரெகுலேட்டரை ஒருபோதும் மாட்டாதீர்கள். அதில் ஆக்சிஜன் இல்லை, மூச்சில் இழுத்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: கழுத்து வழியே தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் லேட்டெக்ஸா, சிலிகானா?

பதில்: வளையத்தில் மாட்டும் சிலிகான். கிழிந்தால் படகிலேயே மாற்றிவிடலாம். லேட்டெக்ஸ் என்றால் வெயிலில் காயப்போடாதீர்கள், வெடித்துப்போகும்.