எல்லாம் இருக்கிறது, என்னவோ குறைகிறது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வயது 51. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் மேலாளர். வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. மகளும் வேலைக்குப் போய்விட்டாள். சம்பள உயர்வுக் கடிதம் வந்த அன்றுகூட மனதில் ஒன்றும் தோன்றவில்லை. வேலையை விட்டுவிட்டு, மனதுக்குப் பிடித்த ஏதாவது செய்யலாமா?

பதில்: வேலையை இப்போது விடாதீர்கள். இந்த வெறுமைக்குக் காரணம் சம்பளம் இல்லை. வருமானம் ஓர் அளவைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று 2010-ல் உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் எழுதினார்கள். 2023-ல் கானமனே வேறு ஆய்வாளர்களோடு சேர்ந்து அதைத் திருத்தினார். பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டேதான் போகிறது. ஏற்கெனவே மனம் வாடியிருக்கும் ஒரு பகுதியினருக்குத்தான் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. ஆகவே பணத்தைப் பழிக்க வேண்டாம். உங்களுக்குக் குறைவது, பதவியைப் பார்க்காமல் உங்களையே எதிர்பார்த்து யாராவது காத்திருக்கும் நேரம்.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கும் 'ஸ்க்ரைப்' பணியைப் பரிந்துரைக்கிறோம். அரசு கலைக் கல்லூரிகளிலும் பார்வையற்றோருக்கான சங்கங்களிலும் விசாரியுங்கள். முதலில் கேட்க வேண்டியது கல்வித் தகுதி விதி. பல போட்டித் தேர்வுகளில், தேர்வரைவிடக் குறைவாகப் படித்தவர்தான் எழுத முடியும். கல்லூரித் தேர்வுகளில் விதி இடத்துக்கு இடம் மாறும். அனுமதிக் கடிதம், அடையாள அட்டை, சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் முன்கூட்டியே அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும்.

மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும். மூன்று மணித் தேர்வென்றால் நான்கு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். தேர்வுகள் வார நாட்களில் நடப்பதால் விடுப்பை இப்போதே ஒதுக்கி வையுங்கள். முந்தைய வாரம் மாணவரைச் சந்தித்து, பழைய வினாத்தாள் ஒன்றை அரை மணி நேரம் எழுதிப் பாருங்கள். அவர் சொல்லும் வேகமும் உங்கள் கை வேகமும் அப்போதுதான் ஒத்துப்போகும். தேர்வன்று வினாத்தாள் முழுவதையும் மதிப்பெண்களோடு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். எதை முதலில் எழுதுவதென்று அவர் முடிவு செய்யட்டும். ஒவ்வொரு விடையின் கடைசி வரியையும் திரும்பப் படித்துக் காட்டுங்கள், அரை மணிக்கு ஒருமுறை நேரத்தைச் சொல்லுங்கள். அவர் சொன்னதை மட்டும் எழுதுங்கள். வாக்கியத்தை அழகுபடுத்தினாலும் அது முறைகேடுதான்.

இதில் நடக்கும் பெரிய கெடுதல், கடைசி நேரத்தில் 'மீட்டிங் வந்துவிட்டது' என்று சொல்வது. அந்த மாணவருக்கு அந்தத் தாளே போய்விடும். வர முடியுமா என்ற சந்தேகம் இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்டால் மாற்று ஆள் ஒருவரையும் சொல்லி வையுங்கள்.

தகுதி விதி தடுத்தால் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, செல்போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வையுங்கள். நேராக வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு. பக்க எண்ணைச் சொல்லுங்கள். அட்டவணை வந்தால் முதலில் தலைப்புகள், பிறகு வரிசை வரிசையாக. ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

கேள்வி: மதுரையில் வங்கி ஊழியர், வயது 46. மாமியார் படுக்கையில் இருப்பதால் வீட்டைவிட்டு வெளியே போக முடியாது. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அது செல்போனிலேயே கழிந்து, படுக்கும்போது எரிச்சல்தான் மிஞ்சுகிறது.

பதில்: தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பு பாருங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் நிறைய அங்கே ஏற்றப்பட்டுள்ளன. பழைய பக்கத்தின் படம் ஒருபுறமும், கணினி தானாக அடையாளம் கண்ட எழுத்து மறுபுறமும் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவதுதான் வேலை. யாரும் தொடாத பக்கம் சிவப்பு நிறத்தில் இருக்கும். நீங்கள் திருத்தி முடித்ததும் மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. நீங்கள் மஞ்சளாக்கிய பக்கத்தை நீங்களே பச்சையாக்க முடியாது. தெரியாத ஒருவர் உங்கள் பக்கத்தைப் படிப்பார் என்பதே ஒரு பிணைப்பு.

பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். துணைக்கால் 'ர' ஆகிவிடும். வரி முடிவில் உடைந்த சொல் ஒட்டாமல் நிற்கும். எழுத்துச் சீர்திருத்தம் 1978-ல்தான் அரசாணையானது என்பதால், அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, னை, றா போன்றவை பழைய வடிவில் இருக்கும். கணினி அங்கே அதிகம் தடுமாறும். தொடக்கத்தில் மெதுவாகத்தான் போகும். கண் பழகிய பிறகு வேகம் தானாக வரும். புதியவர்கள் வழக்கமாகத் தவறும் ஓர் இடம் உண்டு: ஆசிரியரின் பழைய சொல்நடையை இன்றைய வழக்குக்கு மாற்றிவிடுவார்கள். அது கூடாது. பக்கத்தில் உள்ளது உள்ளபடி வர வேண்டும். செல்போனைவிட மடிக்கணினி வசதி. படமும் எழுத்தும் அருகருகே தெரிந்தால் கண் அலையாது. மாமியார் நடுவில் கூப்பிட்டால் செய்த அளவில் சேமித்துவிட்டு எழுந்து போகலாம். உங்கள் நிலைமைக்கு இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணமே அதுதான்.

கேள்வி: ஐ.டி. துறை, வயது 29. மன அழுத்தம் குறைய ஓட ஆரம்பித்தேன். ஷூ, வாட்ச், ஆப் எல்லாம் வாங்கினேன். இப்போது ஓடுவதும் ஆபீஸ் டார்கெட் மாதிரி ஆகிவிட்டது.

பதில்: வாட்ச்சைக் கழற்றி ஆறு வாரம் அலமாரியில் வையுங்கள். உங்களைவிட மெதுவாக ஓடும் நண்பர் ஒருவரோடு, பேச்சு தடைபடாத வேகத்தில் போங்கள். படம் வரைவதை விரும்பிய சிறுவர்களிடம் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்து, 1973-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பரிசு முடிந்த பிறகு அவர்கள் முன்பைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். உங்கள் ஆப் தரும் பதக்கங்களும் 'லைக்'குகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அடுத்து எதைத் தொடங்கினாலும் முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள், எங்கும் பதிவிடாதீர்கள். இரவல் புல்லாங்குழலிலேயே ஸ்வரம் பழகலாம்.

கேள்வி: கணவர் இன்னும் ஆறு மாதத்தில் ஓய்வு பெறுகிறார். அலுவலகம் தவிர அவருக்கு நண்பர்களே இல்லை. இப்போதே பயமாக இருக்கிறது. – திருச்சி வாசகி

பதில்: பயம் நியாயமானதுதான், ஆனால் ஆறு மாதம் நல்ல அவகாசம். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-ல் தொடங்கி 80 ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவரும் ஆய்வில், முதுமையில் உடலும் மனமும் நன்றாக இருக்க நெருங்கிய உறவுகள் பெரிதும் உதவுவது தெரியவந்திருக்கிறது. கூட்டம் தேவையில்லை, இரண்டு மூன்று பேர் போதும். பழைய வகுப்புத் தோழர், தொடர்பு விட்டுப்போன தம்பி, எதிர்வீட்டுக்காரர் என்று பெயர்களை அவரே எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் நடக்காது. 'ஒருநாள் பார்க்கலாம்' என்பதும் நடக்காது. செவ்வாய் மாலை ஐந்தரைக்கு இன்ன டீக்கடை என்று நாளும் இடமும் குறிக்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு தொடங்குவதென்றால் கூச்சம் வந்துவிடும். கையில் வேலை இருக்கும்போதே தொடங்குவது எளிது.

கேள்வி: இது வெறும் சலிப்பா, மனச்சோர்வு நோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் வருத்தமோ எதிலும் நாட்டமின்மையோ இருந்து, கூடவே தூக்கம், பசி, கவனம் கெட்டால், பொழுதுபோக்கைத் தேட வேண்டாம், மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைவும் இதே போன்ற சோர்வைத் தரும். ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தாலே, இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.