துடிப்பு தவறும் இதயம்: மாத்திரையா, அப்லேஷனா? கேள்வி பதில்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும் கோளாறு குறித்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன். ஒருவருக்கு எழுதிய பதிலைப் பார்த்து மற்றவர் தம் மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

பென்னாகரம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: வயது 71. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. வேறு எதற்கோ எடுத்த ஈசிஜியில் இந்தக் கோளாறு தெரிந்தது. படபடப்பே இல்லாத எனக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் பிளட் தின்னர் எதற்கு?

ஐயா, இதில் எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. துடிப்பை என்ன செய்வது என்பது ஒன்று. ரத்தம் உறைவதை எப்படித் தடுப்பது என்பது மற்றொன்று. மேலறைகள் நடுங்கும்போது இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. படபடப்பு தெரிகிறதா, இல்லையா என்பதைப் பொறுத்து அது கூடுவதோ குறைவதோ கிடையாது. இந்தப் பக்கவாத அபாயத்தை மதிப்பெண் போட்டு அளக்கிறோம்: 65 வயதைக் கடந்ததற்கு ஒரு மதிப்பெண், ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று உங்களுக்கு மூன்று வருகிறது. ஆண்களுக்கு இரண்டு வந்தாலே மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது. ஆஸ்பிரின் இதற்கு மாற்றாகாது. அபிக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகள் உங்களுக்குப் பொருந்தும். தொடங்கும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பாருங்கள். ஒன்றை எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: பிளட் தின்னர் சாப்பிடுகிறவர்கள் மூட்டு வலிக்கு மெடிக்கலில் தாமாக டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்கினால், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, மலம் கறுத்த பிறகுதான் மருத்துவமனைக்கு ஓடி வருவார்கள்.

அரூர்: துடிப்பு சரியாகிவிட்டது. பிளட் தின்னரை நிறுத்தலாமா?

பென்னாகரத்து ஆசிரியருக்கு எழுதியதைப் படியுங்கள். நிறுத்தக் கூடாது.

காவேரிப்பட்டணம், மா விவசாயியின் மகள்: அம்மாவுக்கு வயது 48. சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்க்க மாதந்தோறும் அலைகிறோம். புதிய மாத்திரைக்கு மாறலாமா? களியும் கீரையும்தான் எங்கள் சாப்பாடு. கீரையே கூடாது என்கிறார்களே?

மாற வேண்டாம் அம்மா. மூட்டுக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள் 4,500 பேருக்கும் மேல் சேர்ந்த ஓர் ஆய்வு 2022-இல் வெளிவந்தது; அதில் புதிய மாத்திரையான ரிவராக்ஸபான் எடுத்தவர்களைவிட பழைய பிளட் தின்னரான வார்ஃபரின் வகை எடுத்தவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. அலைச்சல் உண்மைதான், ஆனால் ஐஎன்ஆரை 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருப்பதே அம்மாவுக்கான பாதுகாப்பு. களியால் தொல்லை இல்லை. கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக அதை அறவே விட வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிடட்டும். ஒரு மாதம் கீரையைத் தொடாமல் இருந்துவிட்டு, அடுத்த வாரம் தினமும் முருங்கைக் கீரை கடைந்து சாப்பிட்டால்தான் ஐஎன்ஆர் தடுமாறும். மூட்டுக் காய்ச்சல் திரும்பாமலிருக்கப் பென்சிலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் தவற விடாதீர்கள்.





ஓசூர், தொழிற்சாலை மேற்பார்வையாளர்: வயது 52. ஆறு மாதமாக வந்து வந்து போகிறது. வந்தால் படியேற முடிவதில்லை. பெங்களூரில் அப்லேஷன் செய்யலாம் என்கிறார்கள்.

நல்ல யோசனைதான். அதற்கு முன் தைராய்டு பரிசோதனையும் இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவும் முடித்திருக்க வேண்டும். உடல் எடை, மது, குறட்டையோடு கூடிய தூக்கக் கோளாறு ஆகியவற்றைச் சரி செய்யாமல் அப்லேஷன் மட்டும் செய்துகொண்டால் கோளாறு திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாயிலில்தான் பெரும்பாலும் இந்தத் தவறான மின்துடிப்பு கிளம்புகிறது என்று பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998-இல் காட்டினார்கள். அந்த வாயிலைச் சுற்றிச் சுட்டோ உறைய வைத்தோ மின்தொடர்பைத் துண்டிப்பதே சிகிச்சை. உங்களைப் போல வந்து போகும் வகையினருக்கு இது நன்றாகப் பலன் தருகிறது. சிலருக்கு இரண்டாம் முறையும் தேவைப்படும். இதயத்தைச் சுற்றி ரத்தம் கோத்துக்கொள்வது போன்ற சிக்கல் அரிதாக நேரலாம்.

பாலக்கோடு, மருந்தாளுநர்: துடிப்பைச் சீராக்கினாலும் வேகத்தை மட்டும் குறைத்தாலும் ஆயுள் ஒன்றுதான் என்று 2002-இலேயே அஃபர்ம் ஆய்வு சொல்லிவிட்டது. வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலாலில் முடிகிற காரியத்துக்கு லட்சக்கணக்கில் செலவு ஏன்?

நியாயமான வாதம். ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 70-ஐ ஒட்டியது. துடிப்பைச் சீராக்கப் பெரும்பாலும் மாத்திரைகளையே நம்பினார்கள். நோய் கண்டு ஓராண்டுக்குள் இருந்தவர்களை வைத்து நடத்திய ஈஸ்ட் ஆய்வு 2020-இல் வந்தது. தொடக்கத்திலேயே துடிப்பைச் சீராக்க முயன்றவர்களுக்குப் பக்கவாதமும் இதயநோய் இறப்பும் குறைவாக இருந்தன. பென்னாகரத்து ஆசிரியருக்கு நீங்கள் சொல்வது போதும், ஓசூர்க்காரருக்குப் போதாது.

மீண்டும் பாலக்கோடு: அப்படியானால் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை கொடுத்தால் ஆயிற்றே? விலையும் குறைவு.

52 வயதுக்காரருக்கு அதை ஆண்டுக்கணக்கில் கொடுக்கத் துணிய மாட்டேன். தைராய்டு, நுரையீரல், கல்லீரல் மூன்றையும் அது தொடக்கூடியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை இல்லாமல் பழைய சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடுகிறவர்களை நீங்களும் உங்கள் கடையில் பார்த்திருப்பீர்கள்.

மீண்டும் ஓசூர்: அப்லேஷன் முடிந்தால் பிளட் தின்னர் வேண்டாம்தானே?

குறைந்தது இரண்டு மாதம் எல்லோருக்கும் வேண்டும். அதற்குப் பிறகு மதிப்பெண்தான் முடிவு செய்யும், ஈசிஜி அல்ல. பாலக்கோட்டு நண்பர் எடுத்துக்காட்டிய அதே அஃபர்ம் ஆய்வில் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அல்லது ஐஎன்ஆர் 2-க்குக் கீழே இருந்தவர்கள். முதல் மூன்று மாதம் படபடப்பு எட்டிப் பார்த்தால் சிகிச்சை தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம்.

ஊத்தங்கரை: அண்ணனுக்குப் படபடப்பு நின்றுவிட்டது. மாத்திரையை...

கூடாது. மூன்றாம் முறை எழுதுகிறேன்.

காரிமங்கலம்: வார்ஃபரினோடு மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கலாமா?

வேண்டாம்.

மொரப்பூர்: அப்பாவுக்குப் படபடப்பு வருகிறது, ஈசிஜி எடுக்கப் போவதற்குள் சரியாகிவிடுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

படபடப்பு இருக்கும்போதே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஈசிஜி எடுத்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அது முடியாவிட்டால் உடலில் சிறு கருவியைக் கட்டி 24 மணி நேரமும் ஈசிஜி பதியும் ஹோல்டர் பரிசோதனை இருக்கிறது. வீட்டில் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் துடித்தால் சந்தேகப்படலாம். 2021-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்ப்பவர்களிடம் நாடியையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் துடிப்பு தவறும்போது மின்னணுக் கருவி காட்டும் எண் ஒவ்வொரு முறையும் மாறும். மயக்கமோ நெஞ்சு வலியோ வாய் கோணுதலோ சேர்ந்து வந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.