ரிப்பேருக்குப் பிறகு கிளம்பாத ஐஸ் பெட்டி: கேள்வி-பதில்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர், பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா; எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்: "ஆள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் ஐஸ் பெட்டி (ஃப்ரிட்ஜ்) ஓடவே இல்லை."

ரிலே (கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் பாகம்) மாற்றினார்கள். உள்ளே விளக்கு எரிகிறது. பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. கொஞ்ச நேரத்தில் மறுபடி 'டிக்'. கம்ப்ரசர் போய்விட்டது என்கிறார்கள். மாற்றவா? (தோட்டத்து வரிசை வீடான லயத்து வீட்டு வாசகி)

அவசரப்படாதீர்கள் அம்மா. அந்த 'டிக்' ஓவர்லோடு என்ற காப்பு சுவிட்சின் சத்தம். கம்ப்ரசர் சுற்ற முடியாமல் கரண்டை அளவுக்கு மேல் இழுக்கும்போது அது துண்டிக்கும், ஆறினதும் சேர்க்கும். ஆக, கம்ப்ரசர் வரை கரண்ட் போகிறது, கிளம்பத்தான் முடியவில்லை. கடைசியாகக் கை பட்ட இடம் ரிலே. நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு ரிலேயை உருவச் சொல்லுங்கள். கம்ப்ரசரில் மூன்று ஊசி இருக்கும்: காமன், ஸ்டார்ட், ரன். இரண்டிரண்டாக ஓம் அளந்தால், இரண்டு சிறிய அளவுகளைக் கூட்டினால் பெரியது வர வேண்டும். உதாரணத்துக்கு 12, 18, 30. கணக்கு சரியாக வந்து, எந்த ஊசிக்கும் கம்ப்ரசரின் இரும்பு உடம்புக்கும் தொடர்பு காட்டாவிட்டால், உள்ளே சுருள் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கம்ப்ரசருக்கு உரிய ரிலேதானா, வயர் சரியான ஊசிக்குப் போகிறதா என்று பாருங்கள். ரிலேயைக் காதருகே ஆட்டும்போது, டப்பாவில் புளியங்கொட்டை போட்ட மாதிரி கலகலத்தால், உள்ளே வில்லை உடைந்துவிட்டது.

இன்னொன்று. கிளம்பவில்லை என்று சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பீர்கள். செய்யாதீர்கள். குழாய்க்குள் அழுத்தம் இறங்கவும் ரிலே ஆறவும் ஐந்து நிமிடமாவது வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் இரவில் மட்டும் தகராறு என்றால் வயரிங்கைச் சந்தேகப்படுங்கள். நம் நாட்டில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். 216 வரை இறங்கலாம். பழைய லயத்து வயரிங்கில் எக்ஸ்டென்ஷன் போட்டு, அதிலேயே ரைஸ் குக்கரையும் செருகினால் கம்ப்ரசர் திணறத்தான் செய்யும்.

ஃப்ரீசரில் பனி உருக்கும் ஹீட்டரை மாற்றிய பிறகு பிளக்கைச் செருகினாலே ELCB (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து வீடே இருட்டாகிறது. (ஈஜோக்)

எங்கோ கரண்ட் கசிகிறது. ELCB-யைத் தாண்டி வயர் கொடுக்க யாராவது முன்வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, புது ஹீட்டரின் கனெக்டரைப் பிரித்து வைத்துச் செருகிப் பாருங்கள். விழாவிட்டால் கோளாறு அங்கேதான். நானே ஒரு முறை ஃப்ரீசரின் பின் தகட்டைத் திருகும்போது ஹீட்டர் வயரை அடியில் நசுக்கிவிட்டேன். தோலில் நகம் பட்ட அளவுதான் கீறல். அதைத் தேட அரை நாள் போனது, கூலியும் போனது.

விளக்கு எரிகிறது, 'டிக்'கும் இல்லை, காற்றாடியும் இல்லை. பழைய நோ-ஃப்ராஸ்ட் (பனியைத் தானே உருக்கும்) பெட்டி. (புக்கிட் ரோத்தான்)

டிஃப்ராஸ்ட் டைமர் பனி உருக்கும் கட்டத்தில் நின்றிருக்கலாம். அதன் திருகை ஸ்க்ரூட்ரைவரால் மெல்லத் திருப்புங்கள். 'டக்' என்று விழுந்து கம்ப்ரசர் ஓடினால் சந்தேகம் சரி. மறுநாள் மறுபடி நின்றுவிட்டால் டைமரை மாற்ற வேண்டியதுதான்.

கேஸ் குறைவதால்தான் கிளம்பவில்லையாம், மறுபடி அடிக்க வேண்டுமாம். (பெயர் வேண்டாம்)

கேஸ் குறைந்தால் குளிராது. கம்ப்ரசர் ஓடத்தான் செய்யும். கிளம்பவே இல்லை என்றால் கேஸ் அடிக்கக் காசு கொடுக்காதீர்கள். பெட்டியின் பின்புறம் R600a என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது தீப்பிடிக்கும் கேஸ். சமையலறையில் வைத்து டார்ச் பற்றவைக்க விடாதீர்கள்.

இன்வெர்ட்டர் (கம்ப்ரசர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும்) பெட்டி. கம்ப்ரசருக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்துச் சோதிக்கலாமா?

கூடாது தம்பி. அதற்குக் கரண்டை மாற்றிக் கொடுப்பது போர்டு. மூன்று ஊசியிலும் ஓம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால், அடுத்து போர்டைத்தான் பார்க்க வேண்டும். கவரைத் திறந்ததும் முதலில் பல்லி செத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் ஊரில் இது சகஜம்.