ஸ்கேனரைக் கடைசியில் வாங்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் வீடுகளில் பழைய பேரேடுகள், கடிதக் கட்டுகள், துண்டுப் பிரசுரங்கள் நிறையக் கிடக்கின்றன. நண்பர்கள் பணம் திரட்டி, நல்ல ஸ்கேனர் ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்ற நினைக்கிறோம். நாட்டின் ஆவணங்களைக் காப்பது அரசின் வேலையல்லவா, இதில் தனியார் பணம் நுழையலாமா என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செல்வம், காரைக்குடி

அன்புள்ள செல்வம்,

1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசு, யூனியன் பிரதேசங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் போன்றவற்றின் கோப்புகளைப் பற்றியது. தனியாரிடம் இருப்பதை தேசிய ஆவணக் காப்பகம் நன்கொடையாகவோ விலைக்கோ பெறலாம் என்கிறது, அவ்வளவுதான். உங்கள் ஊர் வட்டிக் கணக்கைத் தேடி யாரும் வரப்போவதில்லை, கரையானைத் தவிர.

பக்கத்து கோட்டையூரையே பாருங்கள். அங்கே பழைய தமிழ் நூல்களைத் திரட்டி வைத்திருந்த ரோஜா முத்தையா 1992இல் காலமான பின் அவருடைய சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. ஆனால் கப்பலேற்றவில்லை, 1994இல் அது சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்காக பிரிட்டிஷ் நூலகம் 2004இல் தொடங்கிய திட்டமும் ஆர்கேடியா என்ற தனியார் நிதியில்தான் நடக்கிறது. மூலப்பிரதி சொந்த நாட்டிலேயே இருக்கும், நகல் பொதுவில் வரும் என்பது அதன் விதி. இந்த இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டால் தனியார் பணத்துக்கு அஞ்ச வேண்டாம்.

நான் அஞ்சுவது உங்கள் ஸ்கேனருக்குத்தான். கண்ணாடிமேல் கவிழ்த்து அழுத்தினால் பேரேட்டின் முதுகு பிளந்துவிடும். தானாகத் தாள் இழுக்கும் கருவி, ஓரம் நொறுங்கிய தாளைத் துண்டாக்கும். கட்டு நூல்களுக்கு V வடிவத் தாங்கி, மேலே கேமரா, இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு போதும். நிறத்தையும் அளவையும் பின்னால் ஒப்பிட, தொடக்கப் படத்தில் நிற அட்டையும் அளவுகோலும் இருக்கட்டும்.

படமெடுக்கும் முன் மென்தூரிகையால் தூசி தட்டி, ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் எண் போடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள். இல்லையென்றால் பக்கம் விடுபட்டதா, காலியாகவே இருந்ததா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள்: பசை பழுத்துத் தாளுக்குள் இறங்கும். லேமினேஷன் அதைவிட மோசம், பிரித்தெடுக்கவே முடியாது.

அதிகம் செலவாக வேண்டியது விவரப்பட்டியலுக்கு. எந்த வீட்டுப் பெட்டி, எந்த ஆண்டு, யார் யாருக்கு எழுதியது, எத்தனை தாள், என்ன நிலை. பழைய கையெழுத்தும் தமிழ் எண்களும் படிக்கத் தெரிந்தவருக்குச் சம்பளம் கொடுங்கள். கொடையாளர்கள் கருவிக்குச் சந்தோஷமாகத் தருவார்கள் (கருவியில் பெயர் பொறிக்கலாமே), இதற்குத் தயங்குவார்கள். என் கணக்கில் நூறு ரூபாயில் முப்பது படமெடுக்க, நாற்பது பட்டியலுக்கு, மீதி பராமரிப்புக்கு. பட்டியலில்லாத பத்தாயிரம் படங்களில் யாரும் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பராமரிப்புக்கு ஏன் முப்பது? ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளியில், வண்ணத்தில், சுருக்காத டிஃப் (TIFF) படக் கோப்பாக வைத்தால் ஏறக்குறைய 26 எம்பி. பத்தாயிரம் பக்கம் 260 ஜிபி. மூன்று பிரதி வேண்டும், ஒன்றாவது வேறு ஊரில். ஆண்டுக்கொருமுறை செக்சம் (கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டு, சில ஆண்டுகளுக்கொருமுறை வன்தட்டை மாற்ற வேண்டும். 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, பிரிட்டிஷ் நூலகத்தின் இணையச் சேவைகளே மாதக்கணக்கில் முடங்கின. ஒரே ஒரு தளத்தை நம்பி இருக்காதீர்கள்.

கடிதங்களில் மட்டும் கொஞ்சம் நிதானம். தாள் பெட்டிக்காரருடையது, பதிப்புரிமை எழுதியவரின் வாரிசுகளுடையது. வீட்டாரின் ஒப்புதல் மட்டும் போதாது. உயிரோடிருப்பவர்களின் கடன், நோய், குடும்பச் சண்டை வரும் பக்கங்களைப் படமெடுத்துப் பட்டியலில் சேருங்கள். ஆனால் இத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று வீட்டாரோடு எழுதி வைத்துக்கொண்டு, அதுவரை இணையத்தில் ஏற்றாதீர்கள்.